பன்னிரண்டிலிருந்து ஐந்துவரை

லினக்ஸ் கணினியில் ஒரு மென்பொருளை நிறுவுவது ஆட்கள் பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமான காரியம் இல்லை. கறுப்புத் திரையைத் திறக்க வேண்டும், ஒரு வரியை ஒட்ட வேண்டும், கடவுச்சொல்லைத் தட்ட வேண்டும். ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். எழுபத்தொரு வயதில் நான் கற்றுக்கொண்டேன் என்றால் யாரும் கற்றுக்கொள்ளலாம்.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். நீங்கள் தட்டச்சு செய்வதற்குத் தோதாக மெதுவாகவே சொல்கிறேன்.

என் பெயர் ஸ்டூவர்ட் கில்கிறிஸ்ட். ஊர் ரிவர்டன். முப்பத்தொரு வருஷம் தராசு சோதிக்கிற அரசாங்க வேலை. எங்கள் சவுத்லாண்டு மாவட்டத்தில் உள்ள கசாப்புக் கடை, மீன் கடை, கம்பளி குடோன் எல்லாவற்றிலும் என் முத்திரை விழுந்திருக்கிறது. வாரத்தில் நாலு நாள் சாலையில் இருப்பேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் என் மனைவி நோலின் ஜன்னலோரம் உட்கார்ந்து புத்தகம் வாசித்துக்கொண்டிருப்பாள். தலையைத் தூக்கி, "வந்துட்டியா, அடுப்புல சாப்பாடு இருக்கு" என்பாள். பக்கத்தை விரலால் பிடித்துக்கொண்டுதான் சொல்வாள். அந்த விரலை நான் முப்பத்தொரு வருஷம் பார்த்தேன். வேலை ஓய்ந்த பிறகு அவள் அந்த விரலை எடுத்துவிடுவாள் என்று நினைத்திருந்தேன்.

எடுக்கவில்லை.

நாங்கள் நன்றாகத்தான் வாழ்ந்தோம். சண்டை கிடையாது. நான் எதிரே உட்கார்ந்திருப்பேன், அவள் வாசிப்பாள். திடீரென்று சிரிப்பாள். என்னவென்று கேட்டால், "ஒண்ணுமில்ல ஸ்டூ, இதுல ஒருத்தன் வர்றான்" என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போய்விடுவாள். அந்த ஒருத்தன் யார், என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. நான் சொன்னதற்கு அவள் அப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆகிறது என்று யோசிப்பேன். அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஹோனே வைட்டிரி எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தான். மீன்பிடிப் படகுகளில் ரேடியோவும் ரேடாரும் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவன். மனைவியை இழந்தவன். எங்கள் ஊரில் வியாழக்கிழமை காலையில் ஆறு பேர் கூடிப் புத்தகங்களைப் பற்றிப் பேசுவார்கள். அந்த ஆறில் அவனும் ஒருவன், நோலினும் ஒருத்தி. பெரிய உருவம், சத்தமான குரல். என்னை 'எடைக்கல்' என்று கூப்பிடுவான். நோலினுக்கு அது பிடித்துப்போய் அவளும் கொஞ்ச நாள் அப்படிக் கூப்பிட்டாள்.

நோலினின் பழைய மடிக்கணினி படுத்துவிட்டிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஹோனே வந்து அதில் லினக்ஸ் போட்டான். அப்போது அவள் அச்சுப் புத்தகத்தை விட்டு, கையடக்கமான வாசிப்புக் கருவி ஒன்றில்தான் மின்னூல்களை வாசிப்பாள். அவற்றை ஒழுங்காக வைத்துக்கொள்ள காலிபர் என்ற மென்பொருளை நிறுவினான். கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடுவதை மூவரும் சமையலறை மேசையில் பார்த்துக்கொண்டிருந்தோம். நான்தான் சீஸ் ரோல் சுட்டுக் கொடுத்தேன்.

"கடவுச்சொல் ஒண்ணு வை நோலின். உனக்கு மறக்காததா இருக்கணும்" என்றான்.

"ஸ்டூவர்ட், ஐம்பத்திரண்டு" என்றாள் அவள். "என் வீட்டுக்காரன் பேரும் பொறந்த வருஷமும். இதக் கூட மறந்தேன்னா என்னைக் கொண்டுபோய் ஹோம்ல விட்டுடுங்க."

"எடைக்கல்லு, கேட்டியா? உன் பேர்ல பூட்டு போடறா" என்று ஹோனே என் முதுகில் தட்டினான்.

அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த மென்பொருளில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் எதிரே நட்சத்திரம் போடலாம், குறிப்பு எழுதலாம். சில வாரம் கழித்து, அவள் நீச்சலுக்குப் போயிருந்தபோது நான் திறந்து பார்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள். அதில் முப்பத்தெட்டுக்கு அவள் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தாள். என் மனைவி சிக்கனமான பெண். எதையும் 'பரவாயில்ல' என்றுதான் சொல்வாள். எங்கள் கல்யாணத்தையே ஒருமுறை தங்கையிடம் போனில் 'பரவாயில்ல' என்று சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அவளுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

குறிப்புகளில் பாதி ஹோனே எழுதியவை. அவன் கொண்டுவந்து ஏற்றிய புத்தகங்களில் எழுதி வைத்திருந்தான். 'இதில் பதினோராம் அத்தியாயத்தில் நீ அழுவாய்.' அதற்குக் கீழே அவள்: 'ஒன்பதிலேயே அழுதுவிட்டேன்.'

அவள் அழுததே எனக்குத் தெரியாது. நான் எதிரேதான் உட்கார்ந்திருந்திருப்பேன்.

அவர்களுக்கு நடுவில் வேறு ஏதாவது இருந்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஒரு ஆளோடு என்றால் போட்டி போடலாம். நானூற்றுப் பன்னிரண்டு பேரோடு என்ன செய்வது?

அந்தக் குளிர்காலத்தில், ஜூலை மாதம், நோலினின் வழக்கமான கண் பரிசோதனைக்கு இன்வர்கார்கில் நகரத்துக்குப் போனோம். விழித்திரையில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிகின்றன என்றார் டாக்டர். பத்து வருஷத்துக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம், எப்போதுமே ஒன்றும் ஆகாமலும் போகலாம், கவனித்து வருவோம் என்றார். கட்டம் போட்ட ஒரு தாள் கொடுத்தார். வாரம் ஒருமுறை அதைப் பார்க்க வேண்டும், கோடுகள் வளைந்து தெரிந்தால் உடனே வர வேண்டும். நோலினின் அம்மா கடைசி எட்டு வருஷம் பார்வை இல்லாமல் இருந்தவர். காரில் திரும்பும்போது நோலின் அந்தத் தாளை மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் என் கையைப் பிடித்தாள்.

"எனக்கு அப்படி ஆயிட்டா நீ எனக்குப் படிச்சுக் காட்டுவியா ஸ்டூ?"

"படிப்பேன்" என்றேன்.

"நீதான் ஒரு புத்தகம் முழுசாப் படிச்சதில்லையே. பரவாயில்ல, உன் குரல் நல்லா இருக்கும்."

இப்படி ஒரு வார்த்தை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. என் குரலைப் பற்றி அவளுக்கு ஒரு அபிப்பிராயம் இருந்திருக்கிறது. நான் அதை நினைத்துக்கொண்டே இருந்தேன்.

இனி நான் செய்தது.

காலிபரில் ஒரு புத்தகத்தை வாசிப்புக் கருவிக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றும்போது எழுத்தளவைக் குறிப்பிடலாம். பன்னிரண்டு என்று ஹோனே வைத்திருந்தான். அதைப் பதினொன்றரை ஆக்கினேன். எல்லாப் புத்தகத்தையும் ஒரே மூச்சில் மாற்றுவதற்குக் கறுப்புத் திரையில் ஒரு வரி போதும். அந்த வரியை எப்படி எழுதுவது என்று இணையத்தில் படித்து, ஒரு தாளில் எழுதிவைத்து, ஒரு விரலால் தட்டினேன். முதல் நாள் மூன்று தடவை தப்பு வந்தது. நாலாவது தடவை ஓடியது. கருவியைக் கேபிளில் மாட்டி நானூற்றுப் பன்னிரண்டையும் மறுபடி ஏற்றினேன். நீச்சல் முடிந்து அவள் வருவதற்குள் எல்லாம் பழைய இடத்தில் இருந்தன.

ஏன் அரை அளவு மட்டும் என்று கேட்கலாம். அது என் தொழில் சொல்லிக்கொடுத்தது. இறைச்சியில் நூறு கிராமுக்கு மூன்று கிராம் குறைத்துக் கொடுத்தால் எந்தக் கையும் கண்டுபிடிக்காது. பத்து கிராம் குறைத்தால் கிழவி கூடத் திரும்பி வந்து சண்டை போடுவாள். நான் பிடித்த கடைக்காரர்கள் எல்லோரும் அவசரக்காரர்கள். பொறுமையாகக் குறைத்தவர்களை நான் பிடித்ததே இல்லை என்று நினைக்கிறேன்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை அரை அளவு. அவ்வளவுதான். நடுவில் எழுத்தின் கறுப்பையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பலாக்கினேன். அதற்கும் அதே வரியில் இடம் உண்டு.

கருவியில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள ஒன்றிலிருந்து பத்துவரை எண்கள். நோலின் எப்போதும் நாலில் வைத்திருப்பாள். செப்டம்பரில் ஐந்துக்குப் போனாள். கிறிஸ்துமஸுக்கு ஏழு. அந்த எண்ணைத்தான் அவள் தன் பார்வை என்று எடுத்துக்கொண்டாள்.

"ஏழு வச்சும் மங்கலாத் தெரியுது ஸ்டூ. ஆனா அந்தக் கட்டத்துல கோடெல்லாம் நேராத்தான் இருக்கு. எப்படி?"

"அந்தத் தாளுக்கு எல்லாம் தெரியுமா என்ன" என்றேன்.

மற்ற அச்சு எழுத்துகளை அவள் எப்படி வாசித்தாள் என்று அன்றைக்குக் கேட்டீர்கள். அவளிடம் ஒரே மாதிரிச் சட்டத்தில் இரண்டு மூக்குக்கண்ணாடி இருந்தன, ஒன்று புதிது, ஒன்று ஆறு வருஷம் பழையது. பழையதைப் புதியதன் பெட்டியில் வைத்தேன். புதியதை ஆற்றில் போட்டேன். வரவேற்பறை விளக்கைக் கொஞ்சம் மங்கலானதாக மாற்றினேன். செய்தித்தாளை நிறுத்தினேன், யாரும் படிக்காததை எதற்கு வாங்குவது என்று. மற்றதை அவளுடைய பயமே பார்த்துக்கொண்டது. பயந்த ஆள் தராசை மறுபடி சோதிப்பதில்லை.

மார்ச்சில் அவளாகவே கார் ஓட்டுவதை விட்டாள். சாவியை என் கையில் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்த பரிசோதனையில் டாக்டர் தன்னிடமிருந்த சோதனைக் கண்ணாடிகளை அவளுக்குப் போட்டுப் பார்த்து, மாற்றமே இல்லை, எல்லாம் போன வருஷம் மாதிரியே இருக்கிறது என்றார். வீட்டில் வாசிக்கவே முடியவில்லை என்று அவள் சொன்னாள். நான் பிறகு நடைபாதையில் டாக்டரைத் தனியாகப் பார்த்து, அவள் மனம் கொஞ்சம் கலங்கியிருக்கிறது, அம்மாவுக்கு நடந்ததை நினைத்தே இப்படிச் சொல்கிறாள் என்றேன். அவர் என் தோளைத் தொட்டு, பொறுமையாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவர்மேல் தப்பில்லை. நான் நம்பக்கூடிய ஆளாகத்தான் தெரிவேன்.

மே மாதம் எழுத்தளவு ஐந்துக்கு வந்தது. கருவி பத்தில் நின்றது. அதற்கு மேல் எண் இல்லை. ஒரு காலையில் அவள் கருவியை மேசைமேல் குப்புற வைத்தாள்.

"போதும் ஸ்டூ. நீயே படி."

அந்த ஆறு மாதம் எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல காலம். காலை பத்து மணிக்கு ஆரம்பிப்போம். அவள் கண்ணை மூடி என் தோளில் சாய்ந்துகொள்வாள். நான் மடிக்கணினியில் எழுத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டு வாசிப்பேன். அவள் சிரிக்கிற இடத்தில் நானும் அங்கே இருந்தேன். அவள் ஹோனேயிடமே சொன்னாள், "இவன் எனக்காக லினக்ஸ் எல்லாம் கத்துக்கிட்டான் தெரியுமா? காலைல காலைல உக்காந்து என்னென்னமோ தட்டுவான்." ஹோனே என் கையைக் குலுக்கினான். "எடைக்கல்லு, உன்ன நான் தப்பா நெனச்சிருந்தேன்யா" என்றான்.

வாசிக்கும்போது நான் சில இடங்களைத் தாண்டிவிடுவேன். சில இடங்களைச் சரிசெய்வேன். முதலில் ஹோனேயின் குறிப்புகளை மட்டும்தான் விட்டேன். பிறகு ஒரு கதை வந்தது. ஆட்டுப் பண்ணை ஒன்றில் முப்பது வருஷம் வாழ்ந்த ஒருத்தி, புருஷன் நல்லவனாக இருந்தும், ஒருநாள் ஒரு பெட்டியோடு துறைமுகத்துக்குப் போய்க் கப்பல் ஏறிவிடுகிறாள். அவன்மேல் எந்தக் குற்றமும் இல்லை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. நான் அவளைத் துறைமுகத்தில் திரும்ப வைத்தேன். மழையில் நனைந்துகொண்டு வீட்டுக்கு வருகிறாள், அவன் கதவைத் திறக்கிறான். நானே சொல்லக்கூடாது, ஆனால் நன்றாக வந்தது. நோலின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அஞ்சு நட்சத்திரம் போடு" என்றாள். போட்டேன்.

அந்த வியாழக்கிழமை ஹோனே அவளைக் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். திரும்பி வந்து அவளை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, வாசல் கேட்டருகே என்னை நிறுத்தினான். குரலைத் தாழ்த்திப் பேசினான், அவனுக்கு அது பழக்கமே இல்லை.

"ஸ்டூ, எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அந்த ஆட்டுப் பண்ணைக்காரி திரும்பி வர்ற இடம் ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு நோலின் சொன்னா. நாங்க யாரும் ஒண்ணும் பேசல. அந்தக் கதையில அவ திரும்பியே வரலைய்யா. கண்ணு மட்டும் இல்ல போலிருக்கு."

நான் தலையை ஆட்டினேன். நானும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன்.

உள்ளே நோலின் கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ படிச்சப்போ அவ திரும்பி வந்தாளே. கதவத் திறந்தானே. அப்படித்தானே ஸ்டூ?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். யோசித்தேன். சொன்னால் அவள் என்னை இனி வாசிக்க விடமாட்டாள்.

"இல்ல நோலின். அவ கப்பல் ஏறிப் போயிட்டா. நான் அப்படித்தான் படிச்சேன். நீ கண்ணசந்துட்ட போல."

அவள் எழுந்து கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அதன் பிறகு வியாழக்கிழமைகளுக்குப் போகவில்லை. டனீடனில் இருக்கிற அவள் தங்கை மார்கரி வருகிறேன் என்று சொன்னபோது, இப்போது வேண்டாம், நான் சரியில்லை என்று சொல்லிவிட்டாள். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம்.

அவள் விழுந்தது நவம்பரில். முழுசாகப் பார்வை போவதற்குள் பழகிக்கொள்ள வேண்டும் என்று அவள் கண்ணை மூடி நடந்து பழகுவாள். பின்வாசலிலிருந்து துணி காயப்போடும் கம்பிவரை படி மூன்று, அடி பதினான்கு. நான்தான் எண்ணிக் கொடுத்தேன். அன்றைக்கு இரண்டாம் படியில் வாளி இருந்தது. சிவப்பு வாளி. அதை நான் வேண்டுமென்று வைக்கவில்லை. கார் கழுவிவிட்டு மறந்துவிட்டேன். இதை மட்டும் தெளிவாக எழுதுங்கள். கண்ணைத் திறந்திருந்தால் அது அவளுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். தெரியும் என்று எனக்குத் தெரியும்.

இடுப்பெலும்பு முறிந்தது. மூக்குக்கண்ணாடியும் உடைந்தது. ஆஸ்பத்திரியில் அறுவை முடிந்த மூன்றாம் நாள் ஒரு நர்ஸ் மேசை இழுப்பறையிலிருந்து யாரோ விட்டுப்போன வாசிப்புக் கண்ணாடி ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கிறாள், சாப்பாட்டு அட்டையில் குறி போடச் சொல்லி. நான் உள்ளே போனபோது நோலின் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற மெல்லிய தாளை விரித்து, அதில் இருந்த பொடி எழுத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். எனக்கு முகம் முழுக்கச் சிரித்துக் காட்டினாள்.

"ஸ்டூ, பார்வை திரும்பிடுச்சு. விழுந்ததுல ஏதோ சரியாயிருக்கு. இதக் கேளு, 'அரிதாகத் தலைசுற்றல் ஏற்படலாம்.' கேட்டியா?"

வலி மருந்தின் வேகமாக இருக்கலாம், அதிகம் நம்பிவிடாதே என்றேன். அவள் அடுத்த வரிக்குப் போய்விட்டாள். விரலைத் தாளின்மேல் வைத்திருந்தாள்.

மறுநாள் காலை ஹோனே வீட்டுக்கு வந்தான். அவள் வாசிக்கிறாள், புதுப் புத்தகங்கள் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்றான். காலிபருக்குப் புதிய பதிப்பு வந்திருந்தது. அதை நிறுவக் கறுப்புத் திரையைத் திறந்தான். முன்னே அவன் தட்டிய அந்த நிறுவல் வரி வேண்டும் என்பதற்காக மேல் அம்புக்குறியை அழுத்தினான். அந்தத் திரை நாம் தட்டியதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாது. நான் ஒவ்வொரு முறையும் தாளைப் பார்த்துத்தான் தட்டினேன்.

முதலில் நான் கடைசியாகத் தட்டிய வரி வந்தது, எழுத்தளவு ஐந்து. அழுத்தினான். ஐந்தரை. ஆறு. ஆறரை. பதினொன்றரை வரும்வரை அவன் விரலை எடுக்கவில்லை. நான் தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன்.

"இது என்னய்யா?" என்றான்.

"எழுத்தளவு" என்றேன்.

மடிக்கணினியை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினான். கேபிளையும் எடுத்துக்கொள் என்று நான் சொன்னேன். அவன் திரும்பிப் பார்த்த பார்வையை நான் அவன்மேல் குற்றமாகச் சொல்லவில்லை.

சாயங்காலம் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாமல் இருப்பது கோழைத்தனம். அவள் எழுத்தளவைப் பற்றிக் கேட்கவில்லை, கண்ணாடியைப் பற்றிக் கேட்கவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

"அந்தத் துறைமுகத்துல நீ என்ன படிச்ச?"

"திரும்பி வந்தான்னு படிச்சேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "அப்போ எனக்குப் புத்தி சரியாத்தான் இருந்துச்சு" என்றாள். அதை என்னிடம் சொல்லவில்லை, பக்கத்தில் இருந்த தங்கையிடமும் சொல்லவில்லை. பிறகு மார்கரி எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள், நான் வெளியே வந்தேன்.

எழுத்தைச் சிறிதாக்கினேன். கறுப்பை வெளுக்க வைத்தேன். கண்ணாடியை மாற்றினேன். பார்க்கத் தெரிந்தவளைக் கண்ணை மூடி நடக்க வைத்தேன். அவள் புத்தியை அவளே சந்தேகிக்கும்படி பொய் சொன்னேன். எல்லாம் நான்தான். இது எந்தச் சட்டப் பிரிவில் வரும் என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு விஷயம் இருக்கிறது. அவள் விழுந்த அன்று நாங்கள் ஒரு புத்தகத்தின் நடுவில் இருந்தோம். பத்தொன்பதாம் அத்தியாயம். நோலின் இப்போது டனீடனில் தங்கை வீட்டில் இருக்கிறாள், ஹோனே அதை அங்கே எடுத்துப்போய்க் கொடுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன், எழுத்தளவு பன்னிரண்டில். அதை அவள் தானாக வாசிக்காமல் நிறுத்திவைக்க உங்களால் முடியுமா? நான் முன்கூட்டியே கடைசிவரை பார்த்துவிட்டேன். இருபத்திரண்டாம் அத்தியாயத்தில் அந்தப் பெண் புருஷனை விட்டுப் போய்விடுகிறாள். ஆனால் நான் வாசித்தால் அவள் போகமாட்டாள்.